புறாக் கூண்டுக்கு ஒரு கூரை

அசோசியேஷன் செயலாளர் இன்பராஜ் அவர்களுக்கு, உங்க வீட்டுக்காரி ஹெலன் எழுதுறது.

ஷூ கம்பெனி பஸ் வர்ற நேரமாச்சு, கிளம்புறேன். கத்திரிக்காய்க் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க.

மொட்டை மாடி துணி காயப்போட மட்டும்தான்னு நேத்து கூட்டத்துல நம்ம சோலார் மனுவையே தள்ளிட்டீங்க. அப்போ அங்க இருக்கிற உங்க புறாக் கூண்டு இன்னாங்க, துணியா?

டிபன் டப்பாவுக்குக் கீழ ரெண்டு மனு வச்சிருக்கேன். ஒண்ணு, கூண்டுக்குக் கூரையா சோலார் பேனல் போட. இன்னொண்ணு, கூண்டையே எடுக்கச் சொல்லி. ஏதாவது ஒண்ணுல செயலாளர் கையெழுத்து வேணும்.

பதினோரு மணிக்கு சோலார்காரர் அளவெடுக்க வர்றார். மாடி சாவி உங்ககிட்டதான் இருக்கு.

புறாங்களுக்குத் தீனி வச்சிட்டேன். அதுங்க மேல எனக்குக் கோவம் இல்ல.