செத்துப்போனவள் கப்பல் ஏறுகிறாள்

லிவர்ப்பூல்,
1871 ஏப்ரல், பாஸ்குத் திருநாள் கழிந்த செவ்வாய்.

அன்பு மகன் மாலக்கிக்கு அம்மா ஹனோரா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். மற்ற சுகதுக்கமெல்லாம் அப்புறம், முதலில் இதைத்தான் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நீயும் இசபெல்லாவும் நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேத்தியும் மெல்பர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையை உருட்டாத நாள் இல்லை. மந்திரிசபை அமையட்டும், அதுவரை கிளம்பாதே அம்மா, பொறுத்துக்கொள் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. எங்கே உட்கார்ந்து பொறுத்துக்கொள்வது, ராசா? வீட்டை இடித்துவிட்டார்கள். நீ பணம் கட்டி அனுப்பிய பயணச் சீட்டும் இந்த மாதத்தோடு செல்லாமல் போகிறது. அதனால் உன் பேச்சை மீறிக் கிளம்பிவிட்டேன், வியாழக்கிழமை கப்பல். இந்தக் கடிதம் தபால் நீராவிக் கப்பலில் எனக்கு முன்னால் வந்து சேரும், நான் பாய்க்கப்பலில் பின்னால் வருகிறேன். நடுவில் உனக்கு யோசிக்கக் கொஞ்சம் நாள் இருக்கும், நன்றாக யோசி.

நீ மேடையில் பேசியது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கஃபர்க்கியின் மூத்தவன் அங்கே தங்கச் சுரங்கத்தில் இருக்கிறான் அல்லவா, அவன்தான் அந்தப் பத்திரிகையை அப்பனுக்கு அனுப்பினான். நம் ஊர்ப் பையன் சட்டசபைக்கு ஜெயித்துவிட்டான் என்று எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். பூசை முடிந்ததும் கடைக்காரர் மைல்ஸ் கோயில் மதில்மேல் ஏறி நின்று வாசித்தார். ஏழைக் குடியானவனுக்கு நிலம் கொடு என்று நீ பேசியதை வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, உன் அப்பா ஆஸ்டின் இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று அழுதேன். அடுத்து அந்த இடம் வந்தது. எதிராளியின் ஆள் ஒருவன் கூட்டத்திலிருந்து, "டேய், பஞ்சத்துல கஞ்சிக்கு வேதத்த வித்த குடும்பம்தானே நீ!" என்று கத்தினானாம். நீ நெஞ்சில் கை வைத்து, பாதிரியார் நீட்டிய கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, வாயில் புல்லோடு செத்த பத்தினி என் தாய் என்றாயாம். அங்கே ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதார்கள் என்று போட்டிருந்தது. இங்கே யாரும் கழற்றவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு மதிலோரம் மரம் மாதிரி நின்றேன். மைல்ஸ் இருமினார், யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அவ்வளவுதான், எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சேசுவே, மரியே, சூசையே! அவர்களில் பாதிப்பேர், தன் வேதத்துக்கு மாறினால்தான் கஞ்சி என்ற அந்தப் பாதிரியாரின் கஞ்சித்தொட்டி வரிசையில் நமக்கு முன்னால் நின்றவர்கள். பஞ்சம் தீர்ந்ததும் நான் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கோயில் வாசலில் நின்று, எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டு, மறுபடி பழைய வேதத்துக்கு வந்தேன். அதோடு ஊர் அதை மறந்துவிட்டது, இருபது வருஷமாக ஒருத்தர் வாயெடுத்துப் பேசியதில்லை. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு தோண்டி எடுத்துவிட்டாய். மாவு வாங்கப் போனால் மைல்ஸ், "ஏம்மா ஹனோரா, நீதான் செத்துட்டியாமே, மக்காச்சோள மாவு உனக்கு எதுக்கு?" என்கிறார். பெண்பிள்ளைகள் என்னைக் கண்டதும் பேயைக் கண்டதுபோல் சிலுவை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், விளையாட்டுக்குத்தான், ஆனால் எனக்கு விளையாட்டாக இல்லை. பண்ணைக் காரியஸ்தன் ஆட்டு மேய்ச்சலுக்காக நம் வரிசையில் இருந்த குடிசைகளை எல்லாம் காலி பண்ணச் சொன்னான். ஒருத்தருக்கும் இரக்கம் காட்டவில்லை, உண்மைதான், ஆனால் மற்றவர்களிடம் ஒன்றும் பேசாமல் போனவன் என் வாசலில் மட்டும் நின்று, "செத்தவளுக்கு வீடு எதுக்கு? மந்திரி மகன் கல்லறை கட்டித் தருவான், போ" என்றான். கூரையை இழுத்தபோது உன் அப்பா வைத்த உத்தரம் கடைசிவரை விழாமல் நின்றது. பிறகு அதுவும் விழுந்துவிட்டது. கோழிகளைக் கஃபர்க்கி வீட்டில் விட்டேன், அவர் ஒருவர்தான் கையைப் பிடித்து, "பத்திரமாப் போய்ச் சேரு தாயீ, பையன் ஏதோ கூட்டத்த பாத்து ஒளறிட்டான், மனசுல வைக்காத" என்றார்.

மனதில் வைக்காமல் எப்படி இருப்பேன், சொல்லு. இந்த விடுதியில் ஒரே அறையில் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் மகனிடம் போகிறேன், மகளிடம் போகிறேன் என்று வாய் ஓயாமல் பேசுகிறார்கள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன். ஒரு பொழுது உன்மேல் பரிதாபம் வருகிறது. நான் இறங்கி வந்தால் உன் எதிராளிகள் என்னைத் தெருத்தெருவாக இழுத்துக் காட்டுவார்கள், உன் பதவி போகும், பேர் போகும், எல்லாம் என்னால்தான் என்று ஆகும். உன் பெரியம்மா என்று சொல்லிக்கொள்ளட்டுமா, சமையல்காரி என்று சொல்லிக்கொள்ளட்டுமா, உன்னை ஐயா என்று கூப்பிடட்டுமா என்றெல்லாம் புத்தி அலைகிறது. அடுத்த பொழுதே கோபம் வருகிறது. அட பாவி, பெற்றவளைக் கொன்றா ஓட்டு வாங்குவாய்! நான் உயிரோடு இருப்பது இசபெல்லாவுக்குத் தெரியும், போன வருஷம்கூடக் குழந்தைக்குப் பல் முளைத்ததை எனக்கு எழுதினாள். அவள் மேடைக்குக் கீழேதானே உட்கார்ந்திருந்தாளாம், அப்போது அவள் முகத்தை நீ பார்த்தாயா? இன்னொன்றும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், அதை நீயே வாசிக்கிறாய். நமக்கு எழுத்து எங்கே கிடைத்தது? கஞ்சி ஊற்றிய அதே பாதிரியாரின் பள்ளிக்கூடத்தில், ஒரே பலகையில் உட்கார்ந்துதானே படித்தோம்? நீ மேடையில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அங்கேதான் அரிச்சுவடி. அதையும் தட்டிவிட்டாயா?

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு, இத்தனை காலமும் சொல்லவில்லை. அந்தத் தொட்டியில் ஆளுக்கு ஒரு கிண்ணம்தான் ஊற்றுவார்கள். எத்தனை பிள்ளை என்று பாதிரியாரின் மனைவி கேட்டாள். "ரெண்டும்மா, சின்னவளால எழுந்து வர முடியல" என்றேன். அப்போது உன் தங்கை உனா போய்விட்டிருந்தாள். நான் ஒருத்தியாகவே மணல்மேட்டில் புதைத்துவிட்டு வந்து, அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு ஆறு வயது, நம்பிவிட்டாய். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பங்கையும் உனக்குத்தான் ஊட்டினேன். என் மகன் பிழைக்க வேண்டும் என்று செத்த பிள்ளையை உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னவள் நான். நீ என்ன சொன்னாய் என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

குளிரில் தொண்டை கட்டும், கழுத்தில் கம்பளி சுற்றாமல் வெளியே பேசாதே. வெறும் வயிற்றில் விஸ்கி வேண்டாம். குழந்தைக்கு என் பெயரில் ஒரு முத்தம் கொடு. கப்பலின் பெயர் லேடி டெஸ்மண்ட், மறந்துவிடாதே. ஆள் பதிவில் எழுத்தர் உறவு கேட்டபோது மாலக்கி லவெலின் தாய் என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி வேறு யாராகவும் என்னால் இறங்க முடியாது. ஆண்டவரும் மாதாவும் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, கோபத்திலும் உண்டு. நீ துறைக்கு வா, மகனே. ஆளை அனுப்பாதே, நீயே வா. ஜனங்கள் கூடி நின்றால் நிற்கட்டும். மேடையில் கத்தினாயே, அதே குரலில், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி அம்மா என்று ஒரு தரம் கூப்பிடு.

உயிரோடு இருக்கும் உன் அம்மா,
ஹனோரா லவெல்