ஐந்து மணித்தியாலம் கழித்த கலண்டர்

03.10.1995, செவ்வாய்

லண்டனிலிருந்து தம்பி அருள்நாயகத்தின் கடிதம் வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு! ரொறன்ரோவில் எங்கள் மாடிக் குடியிருப்பு, சென் ஜேம்ஸ் ரவுண் முழுக்கத் தெரிந்துவிட்டது. முழுக்க என்றால், லிப்ற்றில் என்னோடு வந்த நான்கு பேருக்கு.

அவனுடைய கோபம் நியாயம்தான். எண்பத்தெட்டில், பக்கத்து நகரமான ஒஷாவாவில் எனக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலை இருக்கிறது என்று எழுதினேன். நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினான். வந்து பார்த்தால் நான் அங்கே நிலம் கூட்டுகிறேன். அவ்வளவு பெரிய கட்டிடத்தைத் தனி ஆளாகக் கூட்டியவன் நான்; அந்த வகையில் என்னுடையது என்று எழுதியதில் பெரிய பிழையில்லை. பதினைந்தாம் நாள் திரும்பிப் போய்விட்டான். போன் எடுத்தால் வைத்துவிடுவான். கடிதம் போட்டால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் போட்ட மாதிரி.

இப்போது அவன் சொந்தமாக அச்சகம் நடத்துகிறான். போன மாதம் எழுதினேன்: ரொறன்ரோ நேரத்துக்கு நாட்கலண்டர் ஒன்று இங்கே இல்லை, நீ அடித்து அனுப்பு, நான் ஐயாயிரம் விற்றுத் தருகிறேன். பதில் இரண்டு வரி. "ஐந்நூறு அடிக்கலாம். ராகு காலம், திதி எல்லாம் எப்படிப் போடுவது என்று விபரமாக எழுதவும்."

இது சரிவந்தால் என் பேச்சை மறுபடி நம்புவான். எனக்கு வேண்டியது அதுதான். ஐயாயிரம் பிறகு பார்க்கலாம்.

05.10.1995

பதில் போட்டாயிற்று. லண்டனுக்கும் எங்களுக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். "உங்களுடைய நேரம் எல்லாவற்றிலும் ஐந்தைக் கழி. ஒன்றும் யோசிக்காதே. இங்குள்ள பெரிய சோதிடரோடு கலந்து பேசித்தான் எழுதுகிறேன்." எழுதி முடித்து மனைவி யோகமலருக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் மீன் பொரித்துக்கொண்டு நின்றாள்.

பெரிய சோதிடர் என்றது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவரை. தலையாட்டினார். நித்திரையில் ஆட்டினாரோ தெரியாது.

22.11.1995

கலண்டர் லண்டனிலிருந்து ஏறிவிட்டதாம். தமிழ்க் கடைகள் இருக்கிற வோபர்ன் பக்கத்தில் இனி என்னைத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

09.12.1995, சனி

ஐந்து பெட்டி. அட்டையில் பிள்ளையார், தங்க எழுத்து. அப்படியே வோபர்னில் அமிர்தநாதரின் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் பஞ்சாங்கக் கலண்டர் அவரிடம்தான் அதிகம் விற்கும். முதலாவது தாளைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"லிங்கண்ணை, ஜனவரி முதலாம் தேதி திங்கட்கிழமை. ராகு காலம் விடியப்புறம் ரண்டரையிலயிருந்து நாலு மட்டும் எண்டு கிடக்குது. அந்த நேரம் ஆர் எழும்பிக் கலியாணம் பேசப் போறான்?"

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், "உங்கட ராகு நைற் ஷிப்ற்றோ அண்ணை?" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு.

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிற்று: "லண்டனிலை தம்பி விட்ட பிழை. நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தனான்."

வீட்டில் யோகமலர் தாளைப் பார்த்தாள். "ராகு காலம் சூரியன் எழும்புறதில இருந்து எண்ணுறது. எந்த ஊரெண்டாலும் திங்கள் காலமைதான். திதிக்கு அஞ்சைக் கழிக்கலாம். இதுக்கு ஏன் கழிச்சனீங்கள்?"

"அருள்தான்..."

"எனக்கு வாசிச்சுக் காட்டினது மறந்துபோச்சோ?"

10.12.1995

அருள் நான் சொன்னதைச் செய்தவன். ஒரு கேள்வி கேக்கேல்லை. சோதிடர் எண்டு நான் எழுதினபடியால்தானே கேக்கேல்லை? ஏழு வருசத்துக்குப் பிறகு ஒருக்கா நம்பினான். அவன்ர தலையிலயே போட்டிட்டன். நான் என்ன மனிசன்?

இன்றும் கடைக்குப் போனேன். பதினொரு பேர் நின்றார்கள். உண்மையாகவே பதினொரு பேர், எண்ணினேன். "பிழை என்ர. தம்பிக்கு நான்தான் அப்பிடி எழுதினனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அமிர்தநாதர் பில் அடித்தபடியே, "பாவசங்கீர்த்தனம் கோயிலிலையெல்லோ செய்யிறது. மீன் பெட்டிக்கு முன்னாலயோ?" என்றார். பிறகு ஒரு கோப்பி வாங்கித் தந்தார்.

வந்து அருளுக்கு எழுதினேன். "பிழை என்னுடையது. சோதிடர் என்று ஒருவரும் இல்லை. கடையில் பழியை உன்மேல் போட்டேன். இன்று போய்த் திருத்திச் சொன்னேன். ஒன்றும் விற்கவில்லை." நான்கு வரியும் சொச்சமும். இவ்வளவு சின்னக் கடிதத்துக்கு இவ்வளவு நேரம் நான் எடுத்ததில்லை.

23.12.1995

லண்டனிலிருந்து அவசரத் தபாலில் ஒரு பொதி. ஐந்நூறு ஒட்டுத்தாள், கிழமையின் ஏழு நாளுக்கும் சரியான ராகு காலம். மேலே சிவப்பில்: "உள்ளே உள்ள ராகு காலத்தைப் பார்க்க வேண்டாம்."

கடிதமும் இருந்தது. "அண்ணை, எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறியள். உங்கட கடிதம் எண்டு நான் வாசிச்ச முதலாவது இதுதான். பிள்ளையாருக்குக் கீழ ஒட்டுங்கோ, முகத்தில ஒட்டிப்போடாதேங்கோ."

கண் கொஞ்சம் கலங்கியது. (கொஞ்சம் இல்லை.)

14.01.1996

நானூற்றுக்குக் கிட்ட விற்றுப்போய்விட்டது. ஐந்நூறு என்று எழுதலாம். எழுதவில்லை.

20.02.1996

அருள் கேட்டிருந்தான்: அங்கே சேர்ந்து ஒரு அச்சகம் போடலாமோ, இடம் இருந்தால் உள்ளதை மட்டும் எழுதுங்கோ.

மார்க்கம் றோட்டில் பழைய அச்சகம் ஒன்றைப் பார்த்தேன். கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. இயந்திரத்துக்கு என்னைவிட வயது கூட. கக்கூசுக்குக் கதவில்லை. எல்லாம் எழுதினேன். "விசாலமான" என்ற சொல் மூன்று தரம் பேனை முனைக்கு வந்தது. மூன்று தரமும் வெட்டினேன்.

யோகமலர் வாசித்துவிட்டு, "உதை வாசிச்சா ஆர் வருவினம்?" என்றாள்.

ஒட்டி அனுப்பிவிட்டேன். பயமாக இருக்கிறது.

11.05.1996, சனி

இன்று அதிகம் எழுத நேரமில்லை. கூடத்தில் இரண்டு சூட்கேஸ், அச்சு எழுத்துப் பெட்டி ஒன்று. வழியில் மார்க்கம் றோட்டில் இறங்கி ஒழுகுகிற மூலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எழுதின மாதிரியே ஒழுகுது" என்றான்.

இப்போது அருள் குளியலறைக்குள் நின்று கத்துகிறான்: "அண்ணை, சுடுதண்ணி எந்தப் பக்கம்?"

இடப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொறடா, வந்து திறந்து பாத்திட்டுச் சொல்லுறன்."