பத்து வருடப் பற்றரி

சண்டிலிப்பாய்,
26.06.1993

அன்பு மகன் குகதாசனுக்கு அம்மா எழுதுவது,

கல்வளைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்த நோர்வேக் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு இதைத் தொடங்குகிறேன். பங்குனியில் நீ போட்ட கடிதம் வைகாசி முடிவில்தான் கைக்கு வந்தது. உள்ளே நீ வைத்த பத்திரிகைத் துண்டும் வந்தது. இனி மனிதர்கள் நூற்றைம்பது வருடம் வாழலாம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். உங்களுக்கு விருப்பமோ என்று பகிடியாகக் கேட்டிருந்தாய். உனக்குப் பகிடி. இங்கே அந்தத் துண்டால் நான் பட்ட பாட்டைக் கேள்.

அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரணைக்குப் போனார். தபாலதிபராக இருந்த காலத்தில்கூட இப்படி வீடுவீடாக அலைந்ததில்லை. புகையிலைத் தோட்டத்து முத்துக்குமாரு, "நூற்றைம்பது வருசமோ? மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் துலா மிதிச்சு இறைக்கிறன். உந்தத் துலாவை இன்னும் நூறு வருசம் ஆர் மிதிக்கிறது?" என்று கேட்டாராம். பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து அக்காவுக்குத் தொண்ணூறு முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளும் வெளிநாட்டில். அவ, "பிள்ளையள் வந்து பாக்கும் வரைக்கும் எண்டால் ஓம். பாத்த அடுத்த நாளே போகவும் சம்மதம்" என்றாவாம். உங்களுடைய மறுமொழி என்ன என்று நான் அப்பாவைக் கேட்டேன். "எனக்கு இந்த அறுபத்தாறு போதும்" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான் மகன். இவ்வளவு நாளும் உனக்கு எழுதாமல் விட்டது என் பிழை. அப்பாவின் நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கரின் பற்றரி முடியப் போகிறது. எண்பத்துமூன்று மாசியில், கலவரத்துக்கு முன்னம், கொழும்பில் வைத்தது. பத்து வருடம் ஓடும் என்றார்கள், ஓடிவிட்டது. தினமும் காலையில் நாடியை எண்ணுங்கள், நிமிடத்துக்கு எழுபது இருக்க வேண்டும், குறைந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் அன்றைக்கு என்னிடம்தான் சொன்னார். அதிலிருந்து நான் எண்ணாத காலை இல்லை. கோயில் மடத்தில் அகதியாகக் கிடந்த நாட்களிலும் எண்ணினேன். தேத்தண்ணிக் கோப்பையை வலது கையில் வாங்கிக்கொண்டு இடது கையைத் தானாக நீட்டுவார். நான் அவருடைய மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவேன். பத்து வருடமும் எழுபதுதான். தையில் அறுபத்தெட்டு. சித்திரையில் அறுபத்துநாலு. இன்று காலை அறுபத்தொன்று.

இங்கே பார்த்த டாக்டர், இன்னும் இரண்டு மூன்று மாதம்தான், அதற்குள் கொழும்புக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். ரோர்ச்சுக்குப் போடுகிற பற்றரியையே வவுனியாவுக்கு இங்கால் கொண்டுவர ஆமி விடுகிறதில்லை. யாழ்ப்பாணத்திலேயே ஒழுங்காக வேலை செய்கிற பற்றரி அருளம்பலத்தாரின் நெஞ்சுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று முத்துக்குமாரு முன்பெல்லாம் பகிடி விடுவார். ரேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுகிறோம். மனிதனுக்கும் அப்படிச் சுற்றலாம் என்றால் சாப்பாடு தண்ணி இல்லாமல் நின்று சுற்றியிருப்பேன்.

அப்பா போக மாட்டேன் என்றார். கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும், நேவிக்காரர் சுடுவதால் படகேறிய எல்லாரும் அக்கரை சேரவில்லை என்பது உனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணம் அது இல்லை. "களைச்சுப் போனன் இராசாத்தி. இன்னும் பத்து வருசம் உந்தப் பங்கர்க் குழிக்குள்ளை இறங்கி ஏறவோ? அது தன்பாட்டிலை நிக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. நாடி மட்டும் எண்ணினேன். எனக்கும் களைப்புத்தான் மகன். முழங்கால் மடங்குதில்லை, ஜாம் போத்தல் விளக்குப் புகையில் கண் எரிகிறது, குண்டு போடுகிற பொம்மர்ச் சத்தம் கேட்டால் கைவேலையை எந்த இடத்தில் விட்டேன் என்பதே மறந்துபோகிறது. இந்தச் சீவியத்தை நூற்றைம்பது வருடத்துக்குத் தந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். ஆனால் அவருக்கு அறுபத்தாறு காணாது. காணவே காணாது.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு புதன்கிழமை, பதினொரு மணிபோலப் பொம்மர் வந்தது. நான் குசினியில் நின்றேன், அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் விழுந்தடித்துப் பங்கருக்குள் இறங்கினால், எனக்கு முன்னமே அவர் உள்ளே குந்தியிருக்கிறார். உடம்பெல்லாம் நுரை. கையில் சவுக்காரக் கட்டி. குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. சத்தம் அடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும் எண்ட ஆள் உப்பிடியோ ஓடி வாறது?" என்று கேட்டேன். "சவுக்காரம் தண்ணியிலை கிடந்து கரைஞ்சு போமெண்டு தூக்கிக்கொண்டு வந்தனான்" என்றார். பிறகு அவரும் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அன்று பின்னேரமே, வெளியே போக இயக்கத்திடம் எடுக்க வேண்டிய பாஸுக்கு விண்ணப்பம் எழுதினார்.

பாஸ் கிடைத்துவிட்டது. ஒருவருக்குத்தான். அதைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். திங்கட்கிழமை வெளிக்கிடுகிறார், கிளாலி வரைக்கும் முத்துக்குமாரு கூடப் போவார். கொழும்பு போய்ச் சேர்ந்த அன்றே தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்து விடுகிறேன். முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் இருந்து பிறத்தியார் கடிதம் ஒன்றையும் பிரிக்காத மனிதர். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

மகன், பற்றரி மாற்றிய பிறகு அவரைத் திரும்பி வர விடாதே. கொழும்பில் வைத்தே உன்னிடம் கூப்பிட்டுவிடு. பிறப்புச் சாட்சிப் பத்திரமும் படங்களும் வேட்டி மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பார், உன்னோடு சண்டையும் பிடிப்பார். நீ விட்டுக்கொடுக்காதே. கிளாலியில் இரண்டாம் தரம் அவரை ஏற விடாதே. கிடைக்கிற பத்து வருடமும் குண்டுச் சத்தம் இல்லாத இடத்தில் கழியட்டும். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது நாடி எண்ணு. மணிக்கூட்டின் செக்கன் கம்பி பன்னிரண்டுக்கு வரும்போது தொடங்க வேண்டும், இடையில் கதை கொடுப்பார், நீ கதைக்காதே. எனக்குச் சிவக்கொழுந்து அக்கா துணை இருக்கிறா. நான்தான் கேட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிடாதே.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா,
இராசாத்தி


வெள்ளவத்தை,
16.07.1993

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. பற்றரி மாற்றியாகிவிட்டது, நாடி எழுபது. புதியதும் பத்து வருடம் போகும் என்று டாக்டர் சொல்கிறார். இதெல்லாம் ரெலிபோனில் உனக்குச் சொன்னதுதான். சொல்லாததை எழுதுகிறேன்.

வந்த அன்றே தபாலில் போடுங்கோ என்று சொல்லித்தான் அம்மா இதைத் தந்தா. நான் போடவில்லை. உனக்கு எழுதுகிற கடிதத்தை எப்போதும் ஒட்டாமல், நீங்களும் நாலு வரி எழுதுங்கோ என்று என்னிடம் நீட்டுகிறவ. இந்தத் தரம் சோற்றுப் பருக்கை வைத்து நாலு பக்கமும் ஒட்டியிருந்தா. இங்கே வந்து வேட்டியை விரித்தால் என் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கீழே விழுகிறது. வைத்தியத்துக்குப் போகிறவனுக்கு அது எதற்கு? மிச்சத்தைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. என் சேவைக் காலத்தில் ஒரு கடிதத்தையும் ஒரு நாள் பிந்த விட்டதில்லை. இதைப் பதினாறு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நாளைக் காலை வவுனியா ரயில் ஏறுமுன் கோட்டை ஸ்ரேசன் பெட்டியில் போடுவேன். உன் கைக்கு வரும்போது நான் வீட்டில் இருப்பேன்.

அம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டா என்று தெரியும். நான் திரும்பி வருவேன் என்று பாஸுக்குப் பொறுப்புக் கையெழுத்து வைத்தது அவ. நான் வராவிட்டால் போய் நின்று பதில் சொல்ல வேண்டியதும் அவ. அதைத் தெரிந்துகொண்டுதான் இதை ஒட்டியிருக்கிறா.

நூற்றைம்பது வருடம் வாழ விருப்பமோ என்று கேட்டிருந்தாய். களைப்பு அப்படியேதான் இருக்கிறது மகன், டாக்டர் அதை மாற்றவில்லை. ஆனால் இந்த லொட்ஜில் காலையில் தேத்தண்ணி வந்ததும் என் இடது கை நீளுகிறது. கொண்டுவந்தவர் பேப்பர் கேட்கிறேன் என்று நினைத்து எடுத்துத் தந்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான். இங்கே நின்ற காலையெல்லாம் பேப்பர் வாசித்தேன். அந்தக் கையைப் பிடித்து எண்ண அவ இருக்கும் மட்டும் எனக்கு எத்தனை வருடமும் சம்மதம். முத்துக்குமாருவுக்கும் இதைத்தான் சொல்லப் போகிறேன், சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ கோபிக்காதே. ஒரே ஒரு உதவி மட்டும் செய். அம்மா கேட்டால், கடிதம் பிந்திக் கிடைத்தது என்று எழுது. அது பொய் இல்லை.

உன் நலம் விரும்பும் அப்பா,
க. அருளம்பலம்