இடைவெளி இருப்பின் காரணம் கூறுக

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இதில் பாதியை நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் என்றால் நீ நடுவில் புகுந்து, உண்மையைச் சொல்லு, அப்பா எப்படி இருக்கார் என்பாய். நான் நல்லாத்தான் இருக்கார் என்பேன். பேச்சு அத்தோடு படுத்துவிடும்.

நாளைக்கே கிடைக்கும்படி கூரியரில் அனுப்பும் இந்தக் கவருக்குள் உன் விண்ணப்பத்தின் தாள்களும் இருக்கின்றன. தயவுசெய்து கடிதத்தை முதலில் படி. தாள்களில் பென்சிலால் எழுதியிருப்பது என் கை அல்ல. யாருடைய கை என்பது பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும்; அது எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. மாடி வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். அப்பாவின் பழைய வக்கீல் ஆபீஸ் அறைக் கூரை முழுக்க ஈரம் இறங்கிவிட்டது. சட்டப் புத்தகங்களை ஹாலுக்கும், பிரிண்டரை அப்பாவின் படுக்கை அறைக்கும் மாற்றினோம். மாடி வீட்டு அம்மா திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்க வீட்டுக் கூரை ரொம்பப் பழசு போல என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனார். எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது. கல்லூரியில் விடைத்தாள் குவிந்து கிடக்கிறது. புள்ளியியல் படிக்க வரும் பிள்ளைகளுக்குச் சராசரி என்றால் என்ன என்பது இந்த வருஷமும் சராசரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

இனி உன் விஷயம்.

நதிக்கரைக் கட்டடத்துச் சட்ட நிறுவனத்துக்கு நீ எழுதிய விண்ணப்பம் பத்து நாளுக்கு முன்பே என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. பதில் போடாமல் இருந்தது மறதியால் அல்ல. 'படிப்பில் இடைவெளி இருப்பின் காரணம் கூறுக' என்ற கட்டத்தில், அப்பாவுக்கு மனசு சரியில்லாமல் போய் நீ சட்டப்படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்த அந்த வருஷத்துக்கு, இதுவரை எல்லா நிறுவனங்களுக்கும் நீ 'குடும்பக் காரணங்கள்' என்று இரண்டு சொல்லில் எழுதினாய். ஒருவர்கூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் அவர்கள் பரீட்சையில் தோற்றவள் என்றோ, அதைவிட மோசமாகவோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று உன் கல்லூரி வேலைவாய்ப்பு ஆலோசகர் சொன்னதாக எழுதியிருந்தாய். மனம் திறந்து எழுது, உன்னிடம் இருப்பதிலேயே பலமான விஷயம் அதுதான் என்றாராம். ட்ரெய்னியாகச் சேர இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் புதிதாகத் தேறி வருகிறவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இதுதான் கடைசி நிறுவனம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியில் நீ கேட்ட ஒரு வரிக்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. 'இதை அனுப்பலாமா என்று அப்பாவிடம் நீயே கேட்டுச் சொல்' என்று எழுதியிருந்தாய்.

எனக்குக் கேட்க இஷ்டமில்லை. துக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் கல்லூரியிலும் உதவித்தொகைக்கு இப்படி எழுதச் சொல்கிறார்கள். யார் வீட்டில் அதிகம் அழுதார்கள் என்று நாங்கள் ஐந்து பேர் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்கிறோம். அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு மேசைக்கு உன் அப்பா போக வேண்டாம் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியிருந்தது நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் ஒரு மனிதர், வெளியே மழை, பக்கத்தில் ஒரு மகள். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள். ஆனால் நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் அடுத்த அறையில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டு, நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து குளியலறைத் தாழ்ப்பாளை நாம் கழற்றி வைத்ததைப் பற்றிய வரிக்கு வந்ததும் நான் கணினியை மூடிவிட்டேன். அது நீயும் நானும் மட்டும் அறிந்த விஷயம் என்றே மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, இனியும் தள்ள முடியாது, 'பழைய இரண்டு சொல்லே போதும்' என்று உனக்கு எழுதிவிடலாம் என முடிவு செய்தேன். அதற்குமுன் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடலாம் என்று பிரிண்ட் கொடுத்தேன். திரையில் படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, உனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய் நிற்கிறேன். மேசை மேல் பிரிண்டர் இருந்த இடத்தில் ஒரு வாளி இருக்கிறது, கூரை சொட்டுகிறது. அதற்குள் அப்பாவின் அறையில் அது கடகடவென்று தாள்களைத் தள்ளும் சத்தம் கேட்டது.

நான் ஓடவில்லை. ஓடினால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்றிருந்தது. கதவருகே போனபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது தாளில் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த வருஷம் நீயும் நானும் மாறி மாறி உட்கார்ந்த அதே இடத்தில்.

தாள் புரளும் சத்தமும் பென்சில் கீறும் சத்தமும் வந்தன. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போனால், கடைசித் தாளை என்னிடம் நீட்டுகிறார். 'உங்கள் நிறுவனத்தில் சேர விரும்புவது ஏன்' என்ற கேள்விக்கு நீ உருக்கமாக எழுதியிருக்கிறாய் அல்லவா? அதன் கடைசி வரியில் போன மாதம் உன்னை வேண்டாம் என்று சொன்ன நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. ஒரு கட்சிக்காரர் பேரை இன்னொருத்தர் மனுவுல போட்டா ஜட்ஜ் கேஸ் கட்டைத் தூக்கி மூஞ்சியிலேயே எறிவார் என்றார். உடனே அதைத் திருத்து. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, உன் ஆலோசகரும் பார்க்கவில்லை. அவர் கண்ணில்தான் பட்டது.

மற்ற திருத்தங்களை நீயே பார்ப்பாய். ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரத்தைத் திருத்துவதுபோலத் திருத்தியிருக்கிறார். சாட்சி தன் கண்ணால் பார்த்ததையும் தான் செய்ததையும் சொல்லலாம், அடுத்தவன் மனசுக்குள்ளே இருந்ததைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய பழைய பாடம். உன் முதல் வாக்கியத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்: 'ஜன்னல், சரி. மழை, அந்த மாதம் பெய்யவே இல்லை. உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார், இது சாட்சிக்கு எப்படித் தெரியும்?' இப்படியே ஒவ்வொரு வரியாகப் போயிருக்கிறார். அவர் என்ன நினைத்தார், என்ன பயந்தார், எதை மறந்துபோனார் என்று நீ எழுதியது எல்லாம் அடிபட்டுவிட்டது. மிச்சம் நின்றது மிகக் கொஞ்சம்.

தாழ்ப்பாள் வரியை மட்டும் அவர் தொடவில்லை. அதையும் அடித்துவிடுங்கள் என்று நான் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். தலையாட்டி மறுத்துவிட்டார்.

"அது நடந்தது. அவ கையால கழட்டினா. அதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல. வைக்கிறதும் எடுக்கிறதும் அவ இஷ்டம்."

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆணி தேய்ந்துவிட்டது, ஆசாரி வந்து மாற்ற வேண்டும் என்று நாம் சொன்ன பொய்யை அவர் ஒருநாளும் நம்பவில்லை. நம்பியதுபோல இருந்தார், நமக்காக.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

அடித்ததெல்லாம் போக, தாளின் பின்பக்கத்தில் அவரே ஒரு பத்தி எழுதினார். அந்த வருஷம் நீ என்ன செய்தாய் என்பதை. நீ எழுதாமல் விட்டதை. குமாஸ்தா வேறு வக்கீலிடம் போன பிறகு, நீ முன்னறையில் உட்கார்ந்து, வாய்தா டைரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்சிக்காரரையும் கூப்பிட்டுப் பேசியது. தேதி நெருங்கிய கேஸ்களை முதலில் பிரித்து, அப்பாவோடு பழகிய அந்த வெள்ளைமீசை வக்கீலைப் பிடித்து வாய்தா வாங்கச் சொன்னது. ஒவ்வொரு கேஸ் கட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று எழுதி, வேறு வக்கீலுக்கு மாற்றிக் கொடுத்தது. ஒரு கேஸ்கூட நாள் கடந்து போகாமல் பார்த்துக்கொண்டது. கட்சிக்காரரான செங்கல் சூளைக்காரர் வாசலில் நின்று கத்தியபோது, சாருக்கு உடம்பு சரியில்லை, ஆபீசுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீ தடுமாறாமல் சொன்னதைக்கூட எழுதியிருக்கிறார். சட்டப்படிப்பை முடிக்காத ஒரு பெண் இதைச் செய்தாள் என்று கடைசியில் ஒரு வரி.

நீ எதற்காக இதை விட்டாய் என்று எனக்குத் தெரியும். இதை எழுதினால், ஒரு வக்கீலின் ஆபீஸ் கவிழ்ந்தது, அவர் கட்டுகளைக் கவனிக்க முடியாமல் போனார் என்பது வெளியே தெரியும். மனக்கஷ்டத்தைச் சொல்லலாம், தொழிலில் தவறியதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறாய். அப்பாவும் அப்படித்தான் நினைப்பார் என்று நானும் நினைத்தேன். அவரே எழுதித் தந்துவிட்டார்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த மாதங்களில் அவர் முன்னறைப் பக்கம் வந்ததே இல்லை. வழக்கை மாற்றுவதற்குச் சம்மதக் கையெழுத்து வாங்க நீ தாள்களைக் கொண்டுபோய் நீட்டுவாய். அவர் பார்க்காமல் போட்டுத் தருவார். அப்படித்தான் நீ என்னிடம் சொல்லி அழுதாய்.

"படிக்காம ஒரு தாள்லயும் நான் கையெழுத்துப் போடலை. எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணுல தேதி தப்பா இருந்துச்சு. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, பேச்சு வரலை. மறுநாள் அவளே கண்டுபிடிச்சுத் திருத்திக் கொண்டுவந்தா. அன்னைக்குத்தான், இனி பயமில்லன்னு தோணிச்சு."

யாருக்குப் பயமில்லை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட என் படிப்பு என்னை விடாது. ஒருவர் எப்போது, எதனால் திரும்பி வந்தார் என்பதை யாரும் கணக்குப் போட முடியாது. மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், காலமும் போனது. ஆனாலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே உனக்கு எழுதுகிறேன். இது நான் காதால் கேட்டது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். ஜூனியர்கிட்ட சொல்லு, மனு நல்லாத்தான் இருக்கு, பேச்சைக் குறைக்கச் சொல்லு என்றார். ஜூனியர். சின்ன வயதில் உன்னை அப்படித்தானே கூப்பிடுவார். இந்த வார்த்தையை இந்த வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் எண்ணவில்லை. நீ எண்ணியிருப்பாய்.

அந்த நிறுவனம் இதைப் படித்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இதையும் அவர்கள் டீ குடித்துக்கொண்டு புரட்டிவிட்டு ஓரமாக வைக்கலாம். எதை அனுப்புவது என்பது உன் முடிவு. பழைய இரண்டு சொல்லையே அனுப்பினாலும் நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் நீளமாக அனுப்புவதாக இருந்தால் அப்பா எழுதியதை அனுப்பு. மழை வேண்டாம்.

நேற்றுக் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது, தாழ்ப்பாள் எங்கே என்று அப்பா கேட்டார். கரண்டி வைக்கும் இழுப்பறையில், அடியில், துணியில் சுற்றி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பழைய இடத்திலேயே பொருத்தியிருக்கிறார், கொஞ்சம் கோணலாக. இன்று குளிக்கப் போனபோது உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. நான் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். எனக்குச் சாமியிடம் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் உன்னிடமே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை வரும்போது, பையை இறக்கிய கையோடு அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்காதே. அவர் முன்னால் போய் உட்கார்ந்து ஏதாவது ஒரு சட்டச் சந்தேகம் கேள். பதில் தெரிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கேள்.

எப்போதும் உன் நினைவோடு,
அம்மா