அக்காவின் நிற்காத கால்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் போர்வையை மடித்தேன். கால் பக்கம் மட்டும் நைந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அக்கா, உன் போர்வையும் அதே இடத்தில்தான் கிழியும்.

மகளுக்கு இப்போது பதினைந்து வயது. "உள்ளுக்குள்ள என்னமோ ஊருதும்மா, ஆட்டினாதான் அடங்குது" என்கிறாள். உனக்கும் அந்த வயதில்தான் தொடங்கியது. "உக்காந்த எடத்துல கால ஆட்டாத, வீட்டுக்கு ஆவாது" என்று அம்மா உன் தொடையில் தட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் படம் பார்க்கவிடாமல் நீ கால்களை உதறிக்கொண்டே இருந்தாய். தாவணியால் உன் கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டினேன். "மாடாடி நானு?" என்று சிரித்தாய். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணில் நீரோடு "அவுத்து வுடுடி" என்றாய். நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

பிறகு அம்மா உன் கால்களுக்காக வேண்டிக்கொண்டாள். பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றினோம். பாதி வழியிலுள்ள அடி அண்ணாமலை ஊர் வருவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிடும். நீ முன்னால் போய் நின்று "வாடி கெழவி" என்பாய். "நடக்கச்சொல்ல நல்லா இருக்குதும்மா" என்றாய். அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மறுநாள் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

வேறொரு நோயில் நீ போய் ஆறு வருடமாகிறது. போன வாரம் வேங்கிக்கால் ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்த டாக்டரம்மா, "இரும்புச்சத்து கம்மியா இருந்தா சில பிள்ளைங்களுக்கு இப்படி வரும்ங்க. ரத்தம் பார்த்துட்டு சொல்றேன்" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதிய சீட்டு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. "ஊசியெல்லாம் வாணாம். பெரியவளுக்கு நடந்துதான சரியாச்சு? மூணு பௌர்ணமி கூட்டினு போ" என்கிறாள் அம்மா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடந்தபோது உனக்குச் சுகமாக இருந்தது உண்மை. அந்தச் சுகத்தை நம்பித்தான் உன்னை எந்த டாக்டரிடமும் காட்டாமல் விட்டோமா? உன் முகம் வெளுத்திருந்ததும், வகுப்பில் நீ தூங்கி விழுந்ததும் இந்த இரும்புச்சத்துக் குறையால்தானா? இனி யார் சொல்ல முடியும்? இவளுக்கு ரத்தத்தில்தான் குறை என்று வந்துவிட்டால், அம்மா உன்னை நினைத்து என்ன ஆவாள்? அந்தப் பயத்தில்தான் ஒரு வாரம் போய்விட்டது.

நாளை பள்ளிக்குப் போகும் வழியில் மகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். என்ன வந்தாலும் அம்மாவிடம் இவளைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். உன்னைப் பற்றி அந்தப் பரிசோதனைக் காகிதம் சொல்வதை நானே வைத்துக்கொள்வேன்.