கதவுள்ள அறை

அன்பான உங்களுக்கு, ஸலாம்.

போன் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். தினமும் பேராதனையிலிருந்து கம்பளை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறேன். கலாநிதிப் பட்டம் போதும், கட்டாருக்கு வந்துவிடு என்கிறீர்கள். இல்லையென்றால் ஆய்வுத் தலைப்பையாவது மாற்று என்கிறீர்கள்.

பிள்ளை இறந்து பிறந்த தாய்மாரோடுதான் நான் பேசுகிறேன். பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழ, வெறுங்கையோடு படுத்திருந்ததைத்தான் எல்லாரும் சொன்னார்கள். அதை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் போய்க் கெஞ்சினேன். கடைசியில் வார்டில் அவர்களுக்கென்று கதவுள்ள ஓர் அறை கிடைத்தது.

நேற்று அந்த அறைக்கு முதல் தாய் வந்தாள். அஸீமா என்று பெயர், குண்டசாலைக்காரி. அவளுடைய கணவர் கதவோரமே நின்றார்.

"மகனத் தூக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"தூக்கலாமா, மிஸ்?"

இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஸமீம்" என்று கூப்பிட்டார். அஸீமா அப்போதுதான் அழுதாள்.

நான் வெளியே வந்து ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நம்முடையவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் முகம் பார்க்கவில்லை.

உடம்பு அலுத்துப் போய்த்தான் இருக்கிறது. ஆனாலும் தலைப்பை மாற்ற மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நம்முடைய மகனுக்கு மனதுக்குள் என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?

இப்படிக்கு,
அவனுடைய உம்மா