தறித் தூணில் ஒரு தட்டு

வேலூர்
10.6.2024

ஜெசிந்தா அப்பாவுக்கு,

சேசு துணை. உங்கள் காதுக்குப் போன் உதவாது, என் விரலுக்குப் போனில் எழுத வராது. ஆரணி பஸ் ஓட்டும் மாணிக்கவேல் அண்ணன் இருக்கும்வரை நமக்கு என்ன குறை? துவைத்த துணிப் பையோடு கடிதமும் போகட்டும், வரட்டும்.

பிள்ளையை வார்டில் சேர்த்தாயிற்று. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே கத்துகிறாள். ஊசி போட வந்தவர் கையைக் கடித்துவிட்டாள். எட்டு வயதாகியும் ஒரு வார்த்தை வராத பிள்ளை, யார் தொட்டாலும் பொறுக்காத பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. நர்ஸ் அன்புச்செல்வி மட்டும்தான் கோபப்படாமல் சிரிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இதயத்து ஓட்டையை அடைக்க, கொஞ்ச நேரம் இதயத்தையே நிறுத்தி வைப்பார்களாம். அதுவரை மிஷின் பார்த்துக்கொள்ளுமாம். டாக்டர் சாதாரணமாகச் சொல்கிறார். "கத்தி அழுதா மூச்சு திணறும்மா. வீட்ல அவளுக்குப் புடிச்சது எதனா இருந்தா கொண்டாங்க" என்றார்.

அவளுக்குப் பிடித்தது தறிச் சத்தம்தானே? நீங்கள் நூல் கோத்த நாடாவைத் தள்ளி, இழையை நெருக்கும் அச்சை அடித்ததும் தறித் தூணில் அவள் ஒரு தட்டு. அந்த அதிர்வு மரம் வழியாக உங்கள் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த நாடா. காது கேட்காத அப்பாவும் பேசாத மகளும் பேசிக்கொள்வது அப்படித்தான். அண்ணனிடம் சொல்லி அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்புங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஃப்ளோரன்ஸ்

ஆரணி
11.6.2024

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

சத்தம் அனுப்பியாயிற்று. போனைத் தறி மேல் வைத்துவிட்டு மாணிக்கவேல் டீ குடிக்கப் போய்விட்டான். நான் தனியாக உட்கார்ந்து நெய்தேன். அதில் என்ன விழுந்திருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியப்போகிறது? கேட்டுவிட்டு நீதான் சொல்ல வேண்டும்.

தறியில் பூட்டிய இந்தப் பாவு நூலில் இதுதான் கடைசிப் புடவை. சம்பந்தம் முதலாளி தினமும் வாசலில் வந்து நிற்கிறார். புடவையை அறுக்கும்போது ஜெசிந்தா பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான் வைத்த ரசத்தைப் பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நீ சிரிப்பது இங்கே தெரிகிறது.

பிள்ளையைத் திட்டாதே. கடித்தால் கடிக்கட்டும்.

ஜோசப்ராஜ்

வேலூர்
12.6.2024

ஜெசிந்தா அப்பாவுக்கு,

உண்மையைச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். நெய்யும்போது உங்கள் பக்கத்தில் இருந்தது யார்?

நீங்கள் அச்சை அடித்ததும் ஒரு தட்டு கேட்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்கிறது. முதலில் ஏதோ ஆணி ஆடுகிறது என்று நினைத்தேன். ஆணி இல்லை, உள்ளங்கை. சின்ன உள்ளங்கை. அன்புச்செல்வியும் கேட்டாள். "பக்கத்துல ஒரு கொழந்த தட்டிகினே கீதே, யாருக்கா அது?" என்றாள்.

சத்தம் வந்ததும் ஜெசிந்தா அடங்கிவிட்டாள். போனில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் அவள் தட்டவில்லை. கையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வேலையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுபோல அத்தனை நிம்மதியாக இருந்தாள்.

எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

ஃப்ளோரன்ஸ்

ஆரணி
13.6.2024, காலை

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

யாரும் இல்லை. மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்தே மரத்தில் அந்தத் தட்டு வருகிறது. இத்தனை வருஷப் பழக்கம், கைக்கு அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு இன்று காலை சோதித்துப் பார்த்தேன். ஒரு நாடா தள்ளி அடித்துவிட்டுத் தூணில் கையை வைத்தேன். வந்தது. அவள் உட்காரும் உயரத்தில்தான் வந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை, அவள் உட்காரும் சாக்கு மட்டும் கிடக்கிறது.

தறிக்குழியை விட்டு எழுந்து அறையைப் பூட்டிவிட்டேன். இனி நீங்கள் வரும்வரை நெய்ய மாட்டேன்.

ஜோசப்ராஜ்

வேலூர்
13.6.2024, மாலை

ஜெசிந்தா அப்பாவுக்கு,

காலையில் தறியை விட்டு எழுந்துவிட்டீர்களா? காலையில்தான் அவள் உதடு நீலமாகிவிட்டது. எல்லோரும் ஓடி வந்து மாஸ்க் வைத்தார்கள். இந்த நோவில் இப்படி வருவது உண்டுதான் என்கிறார் டாக்டர். உண்டாகவே இருக்கட்டும்.

நீங்கள் பூட்டைத் திறங்கள். பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அது யாராக இருந்தாலும் நம் பிள்ளையின் தட்டைத் தட்டுகிறது. நாளை விடிந்ததும் தறியில் உட்காருங்கள். ஆபரேஷன் முடிந்ததும் அண்ணன் போனுக்குச் சொல்கிறேன், அவர் வந்து காட்டுவார். அதுவரை எழுந்திருக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஃப்ளோரன்ஸ்

ஆரணி
15.6.2024

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

நீ சொன்னபடியே உட்கார்ந்தேன். நான் அடிக்க, தட்டு வர, நான் அடிக்க, அப்படியே போனது. வெயில் ஏறுவதற்குள் முந்தானை முடிந்துவிட்டது. அங்கே நிறுத்தி, புதுப் பாவின் இழைகளோடு முடிச்சுப் போட்டுப் புணைக்க மிச்ச நூலை விட்டுவிட்டுத்தான் அறுக்க வேண்டும். உனக்குத் தெரியாததா? நான் நிறுத்தவில்லை. புணைப்புக்கு விட வேண்டிய நூலையும் நெய்துகொண்டே போனேன். எந்த நெசவுக்காரனும் செய்யாத காரியம்.

பாதியில் தட்டு நின்றுவிட்டது.

நான் தள்ளினேன், அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். கத்தினேனா என்பதுகூட எனக்குத் தெரியாது, தொண்டை மட்டும் எரிந்தது. கடைசியில் நாடா போக வழியில்லாமல் பாவே தீர்ந்துவிட்டது. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒன்று வந்தது. மெதுவாக, ஆனால் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாணிக்கவேல் ஓடி வந்தான். அவன் உதட்டைப் படித்தேன். நல்லபடியாக முடிந்தது.

இதயத்தை எப்போது மறுபடி ஓடவிட்டார்கள் என்று டாக்டரைக் கேள். வேண்டாம், கேட்காதே.

சம்பந்தம் முதலாளி தறியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாய்யா ஜோசப்பு, பாவையே துன்ட்டியா?" என்றார்.

ஜோசப்ராஜ்

வேலூர்
17.6.2024

ஜெசிந்தா அப்பாவுக்கு,

பிள்ளை கண் விழித்துவிட்டாள். உதடு ரோஜா நிறமாகிவிட்டது. டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறாள். ஊசிக்குக் கையை நீட்டுகிறாள். யார் தூக்கினாலும் போகிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள், "இவ்ளோ சமத்தா ஒரு கொழந்தையா!" என்கிறார்கள்.

நேற்று என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். எட்டு வருஷமாக நான் ஏங்கிய ஏக்கம் உங்களுக்குத் தெரியும். மாதா கோவிலில் எத்தனை மெழுகுவர்த்தி வைத்திருப்பேன்! அந்தக் கை கழுத்தில் கிடக்கும்போது நான் அழவில்லை, அசையாமல் கிடந்தேன். பயந்துகொண்டு கிடந்தேன்.

உங்கள் தறிச் சத்தத்தைப் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து மயக்கம், தெளிந்துவிடும் என்கிறார்கள்.

அங்கே அது இன்னும் வருகிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

ஃப்ளோரன்ஸ்

ஆரணி
18.6.2024

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

வந்துகொண்டுதான் இருந்தது. தறியில் ஒரு இழை இல்லை. ஆனாலும் தூணில் கை வைத்தால் வந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நம் பிள்ளை இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று காலை வெறும் தறியில் உட்கார்ந்தேன். நூல் இல்லாமல் மிதித்தேன், நூல் இல்லாமல் அடித்தேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். தட்டு வந்தது. குனிந்து அந்தச் சாக்கைப் பார்த்துச் சொன்னேன். "போ கண்ணு. அம்மா காத்துகினு கீது. அப்பா இங்கியேதான் கீறேன், எங்கியும் போமாட்டேன்."

அடுத்த முறை அடித்தபோது தட்டு வரவில்லை. மதியம்வரை கையை எடுக்காமல் இருந்தேன். இப்போது அது வெறும் மரம்.

நான் அவளைத் துரத்திவிட்டேனா? எங்கே போனாள்? உடனே எழுது.

ஜோசப்ராஜ்

வேலூர்
19.6.2024

ஜெசிந்தா அப்பாவுக்கு,

நேற்றுக் காலை, நீங்கள் எழுதிய அதே பள்ளிக்கூட நேரம். என் மடியில் பொம்மையாகக் கிடந்தவள் திடீரென்று வீறிட்டாள். என்னைப் பிடித்துத் தள்ளினாள். ஓடி வந்த அன்புச்செல்வி கையைக் கடித்தாள். கஞ்சியைத் தட்டிவிட்டாள். அப்புறம் கட்டில் கம்பியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மறுபடி ஒரு தட்டு.

"நல்லா கீந்த கொழந்தைக்கு இன்னா ஆச்சுக்கா?" என்று அன்புச்செல்வி கண் கலங்கிவிட்டாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. பிள்ளைக்குப் பார்க்க வந்து தாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வார்டே பேசுகிறது. பேசட்டும். நம் மகள் வந்துவிட்டாள். என்னைத் தொடவிட மாட்டேன் என்கிறாள்!

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாக்கை உதறிப் போடுங்கள். வழியில் என் அம்மா வீட்டில்கூட இறங்காமல் நேராக வருகிறோம்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த நாட்களில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது யார் கை? அதுவும் இந்தக் கட்டிலில் யாரோ ஒருத்தி பறிகொடுத்த பிள்ளையின் கையாகத்தான் இருக்கும். கிளம்பும்போது அந்தக் கட்டிலிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாதே. அதனால் திரும்பிப் பார்க்காமல்தான் வருவேன்.

ஃப்ளோரன்ஸ்